மலைப்பாம்புக்கு வைத்த பொட்டு

இருங்காட்டுக்கோட்டையில் நானும் ஒரு திருநெல்வேலிக்கார நண்பனும் ஒரே அறையில் இருக்கிறோம். அவனுக்குப் பகல் ஷிப்ட் என்றால் எனக்கு இரவு ஷிப்ட். என்னுடைய இரண்டு பாம்புகளும் எங்களோடுதான் இருக்கின்றன. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்தால் ஜெயில். இவை முறையாகப் பதிவு செய்து வாங்கிய வெளிநாட்டு இனங்கள். ஒன்று அமெரிக்காவின் கார்ன் பாம்பு. மற்றது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்கு வாய் ஓயாது. கார்ன் பாம்பு கொஞ்சம் குளிரானாலும் தாங்கும், எலியைக் காட்டினால் பாய்ந்து வரும், மூடியில் இடுக்கு கிடைத்தால் கம்பி நீட்டிவிடும். மலைப்பாம்புக்குக் கதகதப்பு வேண்டும், காற்றில் ஈரம் வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். கேன்டீனில் இதையெல்லாம் அளந்துவிட்டு அறைக்கு வந்து, ஏசியை ஒரேயடியாகக் குறைத்து வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேன். கார்ன் பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே, இதற்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்கிற மெத்தனம்.

போன ஆயுத பூஜை அன்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி, கம்பெனி லைனில் இருக்கும் மெஷின் முதல் ஸ்பேனர், பைக் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பூஜை முடிந்து அறைக்கு வந்தால் ஒரே சாம்பிராணிப் புகை. பாம்புத் தொட்டிகள் இரண்டின் கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம். மலைப்பாம்பு தலையைத் தூக்கி, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"அறிவு கீதாடா உனக்கு? பாம்புக்கு எவனாச்சும் புகை போடுவானா? கொன்னுட்டியேடா!"

பாம்பு என்றாலே நாலடி தள்ளி நிற்பவன் அவன். "எல்லாத்துக்கும் வச்சேன் டே. இதுகள மட்டும் விட்டுட்டுப் போக மனசு கேக்கல," என்றான். அவனைக் காட்டான் என்று திட்டினேன்.

பாம்பைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பைக்கை அவன்தான் ஓட்டினான். சென்னையில் கால்நடை டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"புகையால ஒரே நாள்ல இப்படி ஆகாது. நாள்பட்ட சளி. குளிர்லயே கெடந்திருக்கு. ரூம்ல ஏசி போடுவீங்களா?"

கேன்டீனில் ஓயாத வாய் அங்கே திறக்கவில்லை. அவனுக்கோ ஏசியே ஆகாது. நான் வேலைக்குக் கிளம்பியதும் அதை நிறுத்திவிட்டு ஃபேனில் படுப்பவன்.

"நான்தான் சார் போடுவேன். எங்க ஊரு வெக்கைல கெடந்தவன்லா, அதான் ஒரு ஆசை," என்றான்.

டாக்டர் அவனைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் இன்றைக்கும் அசிங்கமாக இருக்கிறது.

ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார். அறைக்கு வந்ததும் அவன் ஈரத்துணியை எடுத்து, பயந்து பயந்து கையை நீட்டி, கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைக்கத் தொடங்கினான்.

"இதுவும் அதுக்கு ஆகாதோ என்னவோ டே."

"வுட்றா, அது இருக்கட்டும்," என்றேன்.

அவனிடம் நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.