போணியைக் கெடுத்தவன் எழுதிய பர்கர் குறிப்புகள்

என் தங்கை மகள் காஞ்சனா கடை திறந்த அன்று முதல் போணியை நான்தான் கெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அது பொய். நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் செய்தேன். சிரிக்கவும் சிரித்தார்கள். முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன், எழுபது வயதுக்கு மேல், ஒரு சிரிப்புக்காகச் செய்த காரியம் அது. அதற்குப் பரிகாரமாகத்தான் இப்போது டெக்சாஸில் செவ்வாய்க்கிழமைதோறும் பர்கர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் காரை விட்டு இறங்காமல் பர்கர் வாங்க வேண்டுமென்றால் ஒரு கம்பத்தோடு பேச வேண்டும். கம்பத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். முதல் தடவை நான் மரியாதைக்குக் குறைவில்லாமல் பதில் சொன்னேன். இடது முழங்கால் மட்டும் குளிரில் மடங்க மாட்டேன் என்கிறது என்றும், மற்றபடி தேவலாம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கையில் பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்தன. ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் சரவணன், "அப்பா, அது ஒங்க ஒடம்ப விசாரிக்கல. என்ன வேணும்னு கேக்குது" என்றான். விசாரிப்பதற்கும் பதில் சொல்வதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். அன்றிலிருந்து கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே நடந்துபோய் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

காஞ்சனாவின் கடை இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டின் மேல் இருக்கிறது. அவள் கணவன் மில்லில் ஃபிட்டர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், யூடியூப் பார்த்துப் பர்கர் கற்றுக்கொண்டு, இருந்த நகையில் பாதியை அடகு வைத்துக் கடை போட்டாள். ஒரு கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்த சமயம் அது. எனக்காகவே திறப்பு நாளை இரண்டு நாள் தள்ளி வைத்தாள். "மாமா, ஒங்க கையால போணி பண்ணுங்க. பர்கர் பொறந்த ஊருலருந்து வந்திருக்கீக. சாப்ட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள்.

போணி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வியாபாரம். எங்கள் பக்கத்தில் முதலில் வருகிறவர் பேரம் பேசக் கூடாது, குறை சொல்லக் கூடாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அன்றைய வியாபாரம் முழுதும் அந்தக் கையைப் பொறுத்தது என்பார்கள். திறப்பு நாள் போணி என்றால் கடையின் ஆயுசுக்கே பொருந்தும். நான் இயற்பியல் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் நம்புகிறவளின் கடையில் நிற்கிறோம் என்ற நினைப்பாவது இருந்திருக்க வேண்டும்.

ஒரு கடி கடித்தேன். கோழிக்கறியைச் சின்ன வெங்காயம், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்துத் தட்டியிருந்தாள். வெண்ணெயில் வாட்டிய பேக்கரிப் பன் லேசாக இனித்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது பர்கர் இல்ல தாயி. பன்னுக்குள்ள கோலா உருண்டைய வச்சு நசுக்கியிருக்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாமல், உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் ஒன்றை நுனியில் பிடித்துத் தூக்கினேன். அது வளைந்து தொங்கியது. "பாருங்கடா, வந்தவங்களுக்குக் கும்புடு போடுது." இன்னும் பெரிய சிரிப்பு. மீதிப் பர்கரைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, போணியப் பாதியில வைக்காதீக. முழுசாத் தின்னுருங்க" என்று காதோடு சொன்னாள். "எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு" என்றேன். காஞ்சனா "சரி மாமா" என்று மட்டும் சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் டெக்சாஸுக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்துத் தங்கை போனில் சொன்னாள். மதுரையில் பிறந்து ஊர் ஊராகக் கிளை விடும் ஒரு பர்கர் கடை இராஜபாளையத்திலும் இருக்கிறது. எங்கள் சொந்தத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போகிறார்களாம். ஒரிஜினல் அங்கேதான் என்று அமெரிக்கா தாத்தாவே சொல்லிவிட்டாராம். காஞ்சனாவின் கடைக்குக் கோலாக் கடை என்று பேராகிவிட்டதாம். "மொதல்ல தெனம் ரெண்டு கிலோ கறி அரைச்சவ, இப்ப அரைக் கிலோதான் அரைக்கா. அதுலயும் மிச்சம் வீட்டுக்கு வருது" என்றாள் தங்கை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது இதைவிடப் பெரிய குற்றத்தைச் சொல்கிறேன். அந்தத் திறப்பு நாள் வரை, ஒன்பது வருட அமெரிக்க வாழ்க்கையில், நான் தின்றிருந்த பர்கர் மொத்தம் இரண்டு. ஒன்று விமான நிலையத்தில், வேறு வழியில்லாமல். இன்னொன்று பேத்தியின் பிறந்தநாளில். அதிலும் பாதியைச் சரவணன்தான் தின்றான். மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் எனக்கு ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும்தான். அமெரிக்காவில் இருக்கிறேன் என்பது ஒன்றே தகுதி என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பர்கர் தின்றவன், இருநூறு பர்கர் சுட்டுப் பழகியவளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

காஞ்சனாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, நான் அப்பவே மறந்துட்டேன்" என்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் மறந்துவிட்டேன் என்று சொன்னால், ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை என்று பொருள். அப்போதுதான் முடிவு செய்தேன். எந்தத் தகுதி இருப்பதாகக் காட்டிக்கொண்டேனோ அதை இனிமேலாவது சம்பாதிப்பது; கற்றதை அவளுக்கு எழுதி அனுப்புவது. டாக்டர் வாரத்துக்கு ஒரு பர்கர் தின்ன அனுமதி கொடுத்தார். சரவணன், "மன்னிப்புக்கு ஒரு போன் பத்தாதாப்பா? அதுக்குப் போய் மாநிலம் மாநிலமாத் திங்கணுமா?" என்றான். ஆனால் ஒவ்வொரு முறையும் காரை எடுத்தவனும், வேலை விஷயமாகப் போன மாநிலங்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

இந்த நாட்டில் நாடு முழுக்கக் கிளை பரப்பிய கடைகளை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனக்கென்று ஒரு பர்கர் கடை இருக்கிறது. அதன் கிளைகள் ஒருசில மாநிலங்களைத் தாண்டாது. அந்த ஊர்க்காரனிடம் அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடம் வேறு ஊர்ப் பால்கோவாவைப் புகழ்ந்த மாதிரி இருக்கும். டெக்சாஸ் கடையில் பன் என் முகத்தளவு. உள்ளே கடுகுச் சாந்து தாராளம். ஃப்ரைஸ் மெலிசு, பத்து நிமிடம் வரை மொறுமொறுப்பு. கலிபோர்னியாவில் உருளைக்கிழங்கைக் கடையிலேயே, கண்ணெதிரே நறுக்குகிறார்கள். வாயில் போட்டதும் கிழங்கு வாசம் வருகிறது. ஆனால் ஐந்தாவது நிமிடம் துவண்டுவிடுகிறது. விஸ்கான்சினில் லேசாக இனிக்கும் பன்னை வெண்ணெயில் வாட்டிக் கொடுத்தார்கள். இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பன் பட்டர் ஜாம் தின்ற வாய்க்கு அது புதிதாகப் படவில்லை. ஒஹாயோவில் உள்ளங்கையளவு சின்னச் சதுரமாக, வெங்காய ஆவியிலேயே வெந்த பர்கர், வெங்காயம்தான் ராஜா. வெங்காயம், வெண்ணெய், இனிப்புப் பன் என்று காஞ்சனாவின் பர்கரில் நான் குற்றமாகக் கண்ட ஒவ்வொன்றும் இங்கே ஏதோ ஒரு மாநிலத்தின் பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அவளுக்கு எழுதினேன். நீலக் குறி விழும். பதில் வராது. நாலு மாதம் இப்படியே போயிற்று.

எங்கள் தெருமுனைப் பர்கர் கடையில் கல்லாவில் நிற்பவர் பிரெண்டா. அறுபது வயது, மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கும், என்னை 'ஹனி' என்று கூப்பிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை கதவு திறந்ததும் நுழைந்தவன், இன்றைக்கு முதல் ஆள் நானா என்று கேட்டேன். போணி என்றால் பார்த்து நடக்க வேண்டுமே என்ற பயம். அவர் பரிசு ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து யாரிடமோ சொல்லி, ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டம் ஒன்றை இனாமாகத் தட்டில் வைத்தார். நான் பதறிப்போய், முதல் வியாபாரம் இனாமாகப் போகக் கூடாது, உங்களுக்கு நல்லதில்லை என்று தள்ளினேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று புரிந்துகொண்டு, தன் அம்மாவுக்கும் உண்டு என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பரிவில் மயங்கி பர்கர் குறிப்புகள் எழுதும் என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். இதுவரை எட்டு மாநிலத்துப் பர்கர் தின்றிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எட்டு இடத்திலும் எதைத் தின்றாய் என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வழக்கமில்லை. கோழி இருந்த இடத்தில் கோழி, இல்லாத இடத்தில் பன்னும் சீஸும் வெங்காயமும் மட்டும் என்றேன். பிரெண்டா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஹனி, அது பர்கர் இல்லை. பன்னில் கோழியை வைத்தால் அது சாண்ட்விச்" என்றார். வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தே விட்டார்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காஞ்சனா எந்த இடத்தில் நின்றாளோ அந்த இடத்தில் இப்போது நான். அது மட்டுமில்லை, என் வாழ்நாளில் நான் பர்கரே தின்றதில்லை.

அன்று எழுதவில்லை, நேராகக் காஞ்சனாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "அப்ப நீங்க தின்னதும் பர்கர் இல்லையா மாமா? அங்க இருந்து இம்புட்டுத் தூரம் வந்து என் கடையில அம்புட்டுப் பேசுனீக!" என்றாள். "ஆமா தாயி" என்றேன். "இருங்க, அம்மாட்ட சொல்லிட்டு வாரேன்" என்று போனவள், திரும்பி வந்து கேட்ட கேள்விதான் எனக்குக் கிடைத்த முதல் மன்னிப்பு. "அது கெடக்கட்டும். அந்த ஃப்ரைஸ் பத்து நிமிசம் எப்பிடி மாமா நிமிந்து நிக்குது?"

இது என் பாடம், இயற்பியல். கிழங்குக்குள் இருக்கும் தண்ணீர்தான் எதிரி என்றேன். நறுக்கியதைக் கழுவி மாவுச்சத்தை நீக்கு, துணியில் ஈரம் எடு, மிதமான எண்ணெயில் ஒருமுறை வேகவிட்டு ஆறவை, பிறகு நல்ல சூட்டில் இரண்டாம் முறை போட்டு எடு என்று சொன்னேன். "நம்ம ஊர் சிப்ஸ் மாஸ்டர்ட்ட கேட்டிருந்தா இத அன்னைக்கே சொல்லியிருப்பாரு" என்றாள். பத்து நாளில் ஒரு படம் வந்தது. அவள் விரல் நுனியில் ஒரு ஃப்ரைஸ், ஸ்கேல் வைத்தாற்போல் நேராக. கீழே எழுதியிருந்தாள்: "கும்புடல மாமா."

போன மாதம் ஊருக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காக வேலை செய்தேன். இராஜபாளையத்தில் மதுரைக் கடையின் கிளை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயம்புத்தூர்க் கடையின் கிளை இரண்டிலும் வாய் திறக்காமல் முழுசாகத் தின்றேன். மதுரைக் கடையில் பன் பஞ்சு மாதிரி. ஆனால் மயோனைஸ் ஊற்றியதில் கறி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கோயம்புத்தூர்க் கடையில் ஃப்ரைஸ் அருமை. கறித்துண்டு குளிர்பெட்டியிலிருந்து வந்தது. எந்த ஊரில் கடித்தாலும் அதே ருசிதான் இருக்கும். காஞ்சனாவின் கடை வாசலில் புதுப் போர்டு: கோலா பர்கர். "என்ன தாயி இது?" என்றேன். "நீங்க வச்ச பேருதான். ஊரே அப்பிடித்தான் சொல்லுது, போர்டுல மட்டும் எதுக்கு வேற பேரு? இப்ப தெனம் நாலு கிலோ மாமா. ஞாயித்துக்கிழம அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போற கூட்டம் வந்தா அதுவும் பத்தல."

அப்போதுதான் அன்றைக்குக் கடை திறந்திருந்தாள். அடுப்பு சூடாகிக்கொண்டிருந்தது. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன். "ஒண்ணு குடு தாயி. இன்னைக்கு நான் போணி பண்றேன். தட்டுல ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, ஒங்க மேல எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. நெசமாத்தான் சொல்லுதேன். ஆனா போணி மட்டும் வேண்டாம். செத்த அந்தச் சேர்ல இரிங்க."

வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த மில் பெண் ஒருத்தி, தலைமுடியில் பஞ்சுத் துகளோடு, இரண்டு கோலா பர்கர் வாங்கிக்கொண்டு வன்னியம்பட்டி பக்கம் போனாள். அவள் தலை மறைந்த பிறகுதான் காஞ்சனா என்னைக் கூப்பிட்டாள். முழுசாகத் தின்றேன். பன்னிலிருந்து தட்டில் சிந்திய எள்ளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தேன். "எப்பிடி மாமா?" என்று கேட்டாள். "இன்னொண்ணு வை" என்றேன். கொலஸ்ட்ரால் இருக்குதே என்றாள், என் குரலிலேயே.

திரும்பி வந்து முதல் செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்குப் பிரெண்டா கடைக் கதவைத் திறந்தார். வரிசையில் முதலில் நின்றது நான். கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன். பெரியவர் நீங்கள் முதலில் என்றார் அவர். இல்லை, நீங்கள் என்றேன். இப்படி நாலு முறை. உள்ளே வருகிறீர்களா, இல்லை கதவுக்குக் காவலா என்று பிரெண்டா குரல் கொடுத்தார். கடைசியில் பின்னால் நின்றவர் போனார். நான் கதவைப் பிடித்தபடியே நிற்கையில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இங்கே கடை திறக்கும் நேரம்தான் அங்கே காஞ்சனா கடை சாத்தும் நேரம். கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் படம் அனுப்பியிருந்தாள். "எல்லாம் தீந்துருச்சு மாமா. அங்க போணி ஆயிருச்சா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்னால் போனவர் தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார்.

"ஆயிருச்சு தாயி. நான் பண்ணல" என்று எழுதி அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.