பம்பாய்வரை ஆறு மணி நேரம்

நைரோபியில் காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது இங்கத்திய வழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், யாராவது நேரம் கேட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு முவாங்கி ஒருநாள் என் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பம்பாய்வரை விமானத்தில் ஆறேழு மணி நேரம் என்றேன். "அவ்வளவுதானா? ரயிலில் மொம்பாசா போகவே ஒரு ராத்திரி ஆகுமே!" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அறுபதுகளில் இங்கே ஒரு விமானப் பயண ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பாஸ்போர்ட்டையும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையையும் சரிபார்த்து முத்திரை குத்துவது என் வேலை. அட்டை காலாவதியான பின் ஊசி போட்டால் பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அழுவதைப் பார்த்து, விதிமுறையைப் படிக்காதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது உத்திரமேரூரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. தங்கை கோமதிக்கு அன்றிலிருந்து எட்டாம் நாள் முகூர்த்தம். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளை விரலில் மோதிரம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சான் மோதிரம் என்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் நான் ஒரே பிள்ளை. என் அட்டையோ முந்தின வாரமே காலாவதி. அன்றே ஊசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் விமானத்தில் இடம் கிடைத்தது. அட்டையைச் சரிபார்க்க வேண்டிய குமாஸ்தாவும் நான்தான். எனக்கு நானே முத்திரை குத்திக்கொண்டேன்.

பம்பாயில் சுகாதார அதிகாரி அட்டையில் ஊசி போட்ட தேதியின் மேல் விரலை வைத்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. அட்டை செல்லும் நாள்வரை, காய்ச்சல் பரவாதிருக்க, கொசுவலை அடித்த ஒரு கட்டடத்தில் வைத்தார்கள். தாமதம் என்று மட்டும் ஊருக்குத் தந்தி கொடுத்தேன். காரணத்தை எழுதக் கை வரவில்லை.

மெட்ராஸ் மெயிலில் வந்து, செங்கல்பட்டில் பஸ் மாறி வீடு சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா, ஒரே நாள்ல வந்துருவேன்னு எழுதுன? ஏரோப்ளேனைத் தள்ளிக்கினு வந்தியா?" என்றாள் அம்மா. "அடுத்த பஸ்ஸுல வரான், அடுத்த பஸ்ஸுல வரான்னு சொல்லி வாயே வலிச்சிப் போச்சு."

காரணத்தைச் சொன்னேன்.

"ஒரு ஊசிக்காண்டியாண்ணா?" என்றாள் கோமதி.

என் இடத்தில் நின்று மோதிரம் போட்டவன் சித்தப்பா மகன் ஏகாம்பரம். மறுவீட்டுக்கு வந்திருந்த சாலவாக்கத்து மாப்பிள்ளை, "மச்சான், அந்தச் செம்பை இப்படித் தள்ளு" என்று அவனிடம் உரிமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். பிளேன் லேட்டா?"

பையிலிருந்து மோதிரத்தை எடுத்தேன். அவர் விரலை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தார், விருந்தாளியிடம் பரிசு வாங்குவதுபோல. அதில் வைத்தேன்.

இன்றும் அவர் கடிதம் "அன்புள்ள சார்" என்றுதான் தொடங்கும். அதே தாளின் அடியில், மிச்சமிருக்கும் இரண்டு விரற்கடை இடத்தில், கோமதி "அண்ணா" என்று ஆரம்பித்து நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பாள்.