பேராசிரியை நீலாம்பிகாவும் எருமைப் படம் போட்ட சுவரும்

நீலாம்பிகா ஹூகார் வணிகவியல் விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன நாளில் ஹூப்ளியில் அப்படியொரு மழை. சேறு அப்பிய செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். எதிரே ஐந்து ஆண்கள். நடுவில் இருந்தவர் கல்லூரி அறக்கட்டளையின் செயலாளர் குருசித்தப்பா ஷெட்டர்; சுற்றுவட்டாரத்தில் பாதிக் கடைகளுக்குச் சரக்கு போடுகிற, ஊரார் 'சாவ்கார்' என்று கூப்பிடும் மொத்த வியாபாரி. விண்ணப்பத்தில் அப்பாவின் தொழிலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துர்கதபைல் சந்தையில பூக்கடையா? அப்போ மார்க்கெட்டிங் உனக்கு ரத்தத்துலயே ஓடுது. பூவைக் கூவி விக்கிற மாதிரி பாடத்தையும் கூவிருவியாம்மா?"

மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

"பூவைக் கூவ வேண்டியதில்லைங்க சாவ்கார். வாசனை பட்டா ஆளு தானா நிப்பாங்க. சரக்கு வாடிப்போச்சுன்னாத்தான் கூவணும்."

ஷெட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். வேலை கிடைத்தது. ஆனால் சந்தையியல் தாளை அவளிடம் தரவில்லை. பெண்பிள்ளைக்குக் கணக்குப்பதிவே போதும் என்றார்கள். பற்று, வரவு என்று கரும்பலகையை நிரப்பிக்கொண்டே ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் முதல்வர் அறைக்குப் போய், "இந்த வருஷமாவது மார்க்கெட்டிங் குடுங்க சார்" என்று நிற்பாள். அந்தத் தாளை எடுத்துவந்த மூத்தவர் ஓய்வுபெற்ற ஆண்டில், வேறு ஆள் இல்லாத காரணத்தால், அது அவள் கைக்கு வந்தது.

முதல் வகுப்பிலேயே மாணவர்களைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஆளுக்கொரு கடை பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

"வாங்குனவங்களைப் பாக்காதீங்க. அவங்க கதை முடிஞ்சுபோச்சு. பொருளைக் கையில எடுத்துப் பாத்துட்டு வச்சுட்டுப் போறாங்க பாருங்க, அவங்களைப் பாருங்க. ஏன் வச்சாங்க? அதைச் சொல்லுங்க எனக்கு."

அந்தக் கூட்டத்தில் ஒருவன், சைக்கிள் கடைக்காரர் வீட்டுப் பையன் இம்தியாஸ் முல்லா, மற்றவர்கள் திரும்பிப் போன பிறகும் வளையல் கடை பக்கத்திலேயே நின்றான். "மேடம், கண்ணாடி இல்லாத கடையில கையில போட்டுப் பாத்துட்டுக் கழட்டிட்டுப் போயிடறாங்க. கண்ணாடி இருக்கிற கடையில கழட்ட மாட்டேங்கிறாங்க" என்று வந்து சொன்னான். இவன் பெரிய ஆளாக வருவான் என்று நீலாம்பிகா அன்று இரவே கணவனிடம் சொன்னாள்.

கணவன் சங்கரப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கிராமத்துப் பெண்கள் வாரச்சந்தையில் எதைப் பார்த்துச் சோப்பு வாங்குகிறார்கள் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவதொரு சந்தையில் இருப்பாள். வீட்டில் சங்கரப்பா சோள ரொட்டி தட்டுவான். "பொண்டாட்டி ஊரூராச் சந்தை சுத்துறா, புருஷன் அடுப்படியில ரொட்டி தட்டுறான்" என்று அண்டை வீட்டுக்காரர்கள் அவன் காதுபடவே சொல்வார்கள். "வந்து தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க. உங்க வீட்டு ரொட்டியை விட வட்டமா இருக்கும்" என்பான் அவன்.

முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் ஓடின. ஒருநாள் கல்லூரி வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் இம்தியாஸ். தேஜோமால்ட் என்ற சத்துமாவு விற்கிற கம்பெனியில் வட கர்நாடகத்துக்கே விற்பனை மேலாளராகியிருந்தான். எல்லோர் முன்னாலும் குனிந்து அவள் காலைத் தொட்டான்.

"மேடம், கிராமத்துல எங்க சின்னப் பாக்கெட் நாங்க நினைச்சதை விட ரெண்டு மடங்கு ஓடுது. ஏன்னு எங்களுக்கே தெரியல. அதைக் கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் கிடையாது."

அவளுக்குப் பெருமை தாளவில்லை. நாலு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு குந்த்கோள் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறினாள். காரணம் சீக்கிரமே தெரிந்தது. பெண்கள் எருமைப் பாலைப் பால் சங்கத்தில் ஊற்றிவிட்டு, அந்தக் காசில் தேஜோமால்ட் வாங்கி, தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பர்வதவ்வா என்ற பெண் ஈயத் தம்ளரில் கலங்கலாக எதையோ கரைத்து, இடுப்பிலிருந்த பிள்ளைக்கு ஊட்டியபடி சொன்னாள்: "பாலை விட இது ஒசத்தியாம்ல அக்கா. டவுன் பிள்ளைங்க இதைத்தானே குடிக்கிறாங்க?" அந்தப் பிள்ளையின் கை வேலிக்குச்சி மாதிரி இருந்தது.

பார்த்ததை நீலாம்பிகா கம்பெனிக்கு அப்படியே சொன்னாள். பாலோடு கலந்தால்தான் பயன் என்று பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் பெரிதாகப் போடுங்கள் என்றாள். இம்தியாஸ் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மழைக்காலம் முடிந்து அவள் மறுபடி அந்தப் பக்கம் போனபோது, குந்த்கோள் பேருந்து நிலையச் சுவர் முழுக்கப் புதிதாக வண்ணம் பூசியிருந்தது. ஒரு பக்கம் எருமை. அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. மறுபக்கம் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. நடுவே ஆள் உயர எழுத்தில்: "பால் எதுக்கு? தண்ணீர் போதும்! தேஜோமால்ட்."

பர்வதவ்வா அவளைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணியில ஏன் கரைக்கிறேன்னு அன்னைக்கு வந்து கேட்ட. இப்போ அதையே சுவத்துல எழுதிட்டியா? டாக்டர் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாரு. பிள்ளைக்குப் பாலைக் குடுக்காமத் தண்ணியைக் குடுத்திருக்கியேன்னு. நான் புத்தி கெட்டவ, பண்ணேன். நீ படிச்சவதானே?"

நீலாம்பிகா அடுத்த பேருந்தில் ஹூப்ளிக்குத் திரும்பி, நேரே இம்தியாஸின் அலுவலகத்தில் போய் நின்றாள்.

"அந்தச் சுவரை அழி இம்தியாஸ்."

"உக்காருங்க மேடம். டீ சொல்றேன்."

"டீ வேண்டாம். பாலோட கலக்கச் சொல்லுன்னு நான் சொன்னேன். நீ என்ன எழுதி வச்சிருக்கே?"

இம்தியாஸ் குரலை உயர்த்தவில்லை. "வாங்குறவங்க பொருளை எப்படிப் புழங்குறாங்களோ, விளம்பரம் அதை ஒட்டித்தான் இருக்கணும். மூணாம் வருஷம், இரண்டாவது பாடம். யார் நடத்தினது மேடம்?"

அந்தக் கேள்வி அவளைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. திரும்பி வெளியே வந்துவிட்டாள். பாதி வழி நடந்தே போய், அங்கிருந்து ரிக்‌ஷா பிடித்து வீடு சேர்ந்தாள். இரண்டு நாள் பழைய பாடக் குறிப்புகளையே புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது பொய்யில்லை; அவள்தான் நடத்தினாள். அதற்கு மேல், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைத்தான் நடத்தாமல் விட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் சங்கரப்பா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஏங்க, நுகர்வோர் மன்றத்துல வழக்குப் போடப்போறேன்."

"போடு."

"வேலைக்கே ஆபத்து வரலாம்."

"பணிமனையில யாரும் என் வேலையைப் புடுங்கல. ரொட்டிக்கு வழி இருக்கு. நீ போடு."

வழக்குப் போட, பொருளை வாங்கி ஏமாந்த ஒருவர் வேண்டும். நீலாம்பிகா மறுபடி பர்வதவ்வாவிடம் போனாள். அவள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள்; நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நீலாம்பிகாவும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு நடந்துபோச்சு. அதைச் சரி பண்ண வந்திருக்கேன். நீ இல்லாம முடியாது."

அடுத்த வறட்டியைத் தட்டிவிட்டு பர்வதவ்வா சொன்னாள். "வர்றேன். ஆனா எருமையைக் கறந்துட்டுத்தான் வருவேன். காலங்காத்தால கோர்ட்டுக்குக் கூப்பிட்டா அதுக்கு யாரு தீனி போடுவா, உங்க நீதிபதியா?"

செய்தி ஊருக்குள் பரவியதும் ஷெட்டர் ஆள் அனுப்பினார். தேஜோமால்ட்டுக்கு மாவட்ட விநியோகஸ்தர் அவர்தான்.

"நீலாம்பிகா, துறைத் தலைவர் பதவி இந்த வருஷம் உனக்குத்தான்னு நான் மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

"சந்தோஷம் சாவ்கார்."

"சந்தோஷமா இருக்கணும்னா அந்த மனுவைத் திரும்ப எடுத்துக்கோ. சொந்த மாணவன் மேலயே வழக்குப் போடுற வாத்தியாரை நான் எங்கேயும் பாத்ததில்லை."

"நானும் பாத்ததில்லைங்க. அந்தச் சுவர் மாதிரி ஒரு சுவரையும் பாத்ததில்லை."

துறைத் தலைவர் பதவி அவளுக்கு ஆறு ஆண்டு இளையவனான ஒருவனுக்குப் போனது. அவளுக்கு மறுபடி கணக்குப்பதிவுத் தாளைக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

விசாரணையன்று பெங்களூரிலிருந்து கம்பெனி வக்கீல் வந்திருந்தார். பின் பெஞ்சில் இம்தியாஸ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். முதலில் பர்வதவ்வாவை அழைத்தார்கள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே அம்மா. அப்புறம் விளம்பரத்தை நம்பி ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் வக்கீல்.

"எழுத்து தெரியாதுங்க. எருமையைத் தெரியும். அது மேல சிவப்புல அடிச்சுப் போட்டிருந்துச்சு. எங்க எருமை உங்களுக்கு என்னய்யா கெடுதல் பண்ணுச்சு?"

மன்றத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து நீலாம்பிகா.

"மேடம், விளம்பரம்னா கொஞ்சம் மிகைப்படுத்துறதுதானே? பசங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கிறதும் அதைத்தானே?"

"இந்தப் பவுடர் பூசினா முகம் நிலா மாதிரி மின்னும்னு சொல்லுங்க. அது மிகை. யாரும் நிலா எங்கேன்னு கேட்டு வரமாட்டாங்க. பால் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, பாலை நிறுத்திடுவாங்க. நிறுத்துறாங்கன்னு கம்பெனிக்குத் தெரியும். ஏன்னா நேர்ல பாத்துட்டு வந்து சொன்னது நான்."

"அப்படின்னா இந்த விளம்பரத்துக்கு மூல காரணமே நீங்கதான்."

"ஆமா. அதனாலதான் இங்க நிக்கிறேன்."

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்றார்.

விளம்பரத்தை அழிக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. குந்த்கோள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று பர்வதவ்வா பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து கடைசி மூலை வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாளாம். ஆனால் சுண்ணாம்பு காய்வதற்குள் கம்பெனி வேறு வாசகம் எழுதியது: "தண்ணீரிலும் அதே சத்து!" எருமை இல்லை, குழந்தை மட்டும் இருந்தது. வழக்கை நடத்திய உள்ளூர் வக்கீல், "போதும் மேடம், ஒரு தடவை ஜெயிச்சாச்சு. இவங்களோட முட்டிக்கிட்டே இருக்க முடியுமா?" என்றார். நீலாம்பிகா வக்கீல் இல்லாமலே இரண்டாவது மனுவைப் போட்டாள். வாய்தா வாய்தாவாக இழுத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். அதிலும் அவள் பக்கமே தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, "பாலில் கலந்து கொடுக்கவும்" என்று அச்சிட்டார்கள். விற்பனை கொஞ்சம் படுத்தது என்று கேள்வி.

இம்தியாஸை பீதருக்கு மாற்றினார்கள். அவன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். ரம்ஜானுக்கு அவன் வீட்டிலிருந்து வரும் ஷீர் குர்மா பாயசமும் நின்றது. அது அவளை உறுத்தியது. ஆனால் அவனைத் தேடிப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால், தான் செய்தது தவறு என்றாகிவிடும்.

பல்கலைக்கழகம் அவளைப் பேராசிரியராக எடுத்துக்கொண்டபோது நாற்பத்தெட்டு வயது. தினமும் தார்வாடுக்குப் பேருந்தில் போய்வந்தாள். ஒருநாள் மதியம், ஹூப்ளிக்கே மாற்றலாகித் திரும்பியிருந்த இம்தியாஸ் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாலு வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கேன் மேடம். இன்னைக்குச் சொல்லிடறேன். அந்த எருமைப் படம் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா பால் வாங்கவே வழியில்லாத வீட்டுல அந்தச் சின்னப் பாக்கெட்தான் இருந்தது. நீங்க வழக்குல ஜெயிச்சதும் கம்பெனி அதையே நிறுத்திடுச்சு. அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

நீலாம்பிகா பேனாவைக் கீழே வைத்தாள். "இதை ஏன் என்கிட்ட தனியாச் சொல்றே? நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கு. அங்க வந்து பசங்க முன்னாடி சொல்லு."

"உங்களை எதிர்த்தா?"

"வேற யாரை எதிர்த்துச் சொல்லுவே?"

அவன் வந்தான். இரண்டு மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மேசையைத் தட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "மேடம், சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கே. அப்போ யார் சரி?" என்று கேட்டாள்.

"பால் வாங்க வழியில்லாத வீடுன்னு சார் சொல்றாரு. அப்படி எத்தனை வீடு, அங்க பிள்ளைங்க இப்போ என்ன சாப்பிடுதுன்னு எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் குத்துமதிப்பா அடிச்சுவிடுறோம்" என்றாள் நீலாம்பிகா.

"அப்போ நேர்ல போய்ப் பாக்கலாம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த ஞாயிறு காலை முதல் பேருந்தில் மாணவர்களோடு அவள் குந்த்கோள் பக்கம் கிளம்பினாள். ஏறுகிறபோதுதான் கவனித்தாள்: காரை எங்கோ விட்டுவிட்டு வந்து, மிர்ச்சி பஜ்ஜிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி இருக்கையில் இம்தியாஸ் உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்குடா?"

"நீங்க பாத்துட்டு வந்து சொன்னா நான் நம்பணுமா மேடம்? நானும் பாக்குறேன்."

"நகர்ந்து உக்காரு" என்று அவன் பக்கத்தில் அமர்ந்தாள். பேருந்து கிளம்பியது.