ஸெனோனின் முப்பத்தைந்து கிலோவாட்

ஸெனோனுக்கு எதுவும் பெரிசாக இருந்தால்தான் ஆகும். பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாங்கிய கோட்டு தோளில் நிற்காது, வாங்கிய கார் ஷெட்டுக்குள் போகாது. இத்தனைக்கும் ஆள் குள்ளம். மனைவி போஜெனா முப்பது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

வடகோடியில் இருக்கும் சுவால்கி ஊர்ப் பக்கத்துக் குளிர் சும்மா விடாது. வீட்டைச் சூடாக்கும் பழைய நிலக்கரி பாய்லரைக் கழற்றிவிட்டு, மரத்தூள் வில்லைகளில் எரிகிற புதிது வைக்கலாம் என்று முடிவானது. பொருத்த வந்த வீடெக் சுவரைத் தட்டிப் பார்த்தான், ஜன்னல்களை அளந்தான்.

"சூடு வெளிய போகாம சுவரெல்லாம் நுரைப்பலகை ஒட்டி நல்லா இறுக்கமா வச்சிருக்கீங்க. பன்னண்டு கிலோவாட் தாராளம்."

"பன்னண்டா? இது வீடுய்யா, கோழிக்கூடு இல்ல! என் மச்சான் ரிஷார்டே இருபத்தஞ்சு வச்சிருக்கான்."

"அவர் வீட்டுல காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகுதுங்க. தேவைக்கு மேல பெரிசா வச்சா சும்மா சும்மா பத்தும், அணையும். புகைக்குழாய்ல தார் கட்டிக்கும்."

"முப்பத்தஞ்சு போடு."

வீடெக் சொன்னபடியே நடந்தது. பாய்லர் உறுமிக்கொண்டு பற்றும், தண்ணீர் சட்டென்று சூடாகும், உடனே அணையும். அணையாமல் ஓட வேண்டும் என்று ஸெனோன் சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் குழாய்களை எல்லாம் முழுசாகத் திறந்துவைத்தார், யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். ஜனவரியில் அந்த வீட்டில் மட்டும் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே இருப்பவர்களுக்கு நெற்றியில் வியர்வை, முதுகில் பனிக்காற்று.

பிறந்தநாள் போலக் கொண்டாடும் போஜெனாவின் பெயர்நாள் விருந்தில் பன்றிக்கால் ஜெல்லி மேசையிலேயே உருகித் தண்ணீராகிவிட்டது. ரிஷார்ட் பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், அடுத்த தடவ துண்டும் சோப்புமா வந்துடறேன்."

"வீடுன்னா இப்படி இருக்கணும்டா," என்றார் ஸெனோன், மூக்கு நுனியில் சொட்டியதைத் துடைத்தபடி.

பனி விலகியதும் போஜெனா சொன்னாள்: "வீடெக்கக் கூப்பிட்டு சின்னதா மாத்து."

"பாய்லர் சரியாத்தான் இருக்கு. வீடுதான் சின்னது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். மறுவாரம் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். அவள் வளர்த்த பழப் புதர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் இரண்டு அறைகள் எழுப்பினார்கள்.

கடான்ஸ்கிலிருந்து மகன் போனில் கேட்டான்: "யாரும்மா வரப்போறாங்க அந்த ரூமுக்கு?"

"பாய்லரோட சொந்தக்காரங்க," என்றாள்.

அடுத்த குளிர்காலமும் வந்தது. புது அறைகளுக்கும் நுரைப்பலகை ஒட்டியிருந்ததால் பாய்லர் பழையபடியே பற்றி அணைந்து கொண்டிருந்தது. போஜெனா தன் கட்டிலைக் கடைசி அறைக்கு இழுத்துப்போனாள். குழாயைத் திருகி மூடினாள், கதவையும் தாழிட்டாள்.

"போஜெனா! குழாயத் திற! பாய்லர் அணையுது!"

"இன்னும் ரெண்டு ரூம் கட்டு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிடறேன்."

சாயந்திரம் ஸெனோன் தோட்டத்தில், முழங்கால் பனியில் நின்று, அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார்.