இரண்டு கம்பளி உயரம்

எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் பயணம் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போனது எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். போன காரணத்தை ஊரில் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கெங்குவார்பட்டியில் பஸ் ஏறினேன். அங்கே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். நின்றே செய்யும் வேலை. முழங்கால் மடங்காது. தரையில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்குள் நாற்காலி போடும் வழக்கம் இல்லை. என் சித்தப்பா மகன் உட்காரட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசினார்கள். நானும் சரி என்றுவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் மதி. நிற்கிறவனுக்கு மடி கிடையாது என்பது, சரி என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

தேனியில் பஸ் மாறும்போது ஏழரை. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் போயின. தென்னையும் வாழையும் ஜன்னலை விட்டு விலகவே இல்லை. போனில் வந்திருந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘புதியவர்களுக்கு மெதுவான யோகா. முடிந்த அளவு செய்தால் போதும்.’

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி ரோட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய். "அந்த யோகாவுக்கா? படுத்து எந்திரிச்சு வருவாக, அம்புட்டுத்தேன்" என்றார் டிரைவர்.

பத்து மணி. திராட்சைத் தோட்டத்துக்குள் பெட்டி அடுக்கும் கொட்டகையில்தான் வகுப்பு. மூன்று பெண்கள், ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர். நான் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும், குமுளிக்காரர். "அங்கன நின்னு மூச்சு விட்டாலும் யோகாதான். உள்ள வந்து விடுங்க" என்றார்.

அரை மணி நேரம் நாற்காலியிலேயே பாதத்தைச் சுற்றினோம், கையைத் தூக்கி இறக்கினோம். பிறகு தரை. சுவரைப் பிடித்து இறங்கி முழங்காலைக் கையால் அழுத்தினேன். "மதி" என்றார் டீச்சர். திடுக்கிட்டு வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னும் அழுத்தினேன். "மதி, மதி."

எங்கள் பிள்ளையை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தமாம், கண்டக்டர்தான் சொன்னார். "அப்ப போதும்பொண்ணுன்னு பேரு வச்சிருக்கீக" என்று கேலி வேறு.

"எங்களுக்கு அந்த ஒண்ணே போதும்ணே" என்றேன். காதுகுத்து விஷயம் முழுவதையும் அங்கேயே சொல்லி முடித்தேன்.

டீச்சர் சற்று யோசித்தார். "ஒரு நாள்ல கால் மடங்காது. நீங்க தரைக்கு இறங்க வேண்டாம். தரைய ஏத்துவோம்."

இரண்டு கம்பளி கொடுத்தார். பழக்கத்தில் ஓரம் சேர்த்து மடித்தேன். கம்பளியைக்கூடத் தேய்த்த மாதிரி மடிக்கிறாரே என்றார் ஒரு பெண். அதன்மேல் உட்கார்ந்தேன். தூக்கி நின்ற முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார். வலி இல்லை. மடியில் ஒரு தலையணையை வைத்து, கண்ணை மூடி அப்படியே இருக்கச் சொன்னார். பத்து நிமிடம் இருந்தேன். தலையணைக்குக் கனமே இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தால் போதும் என்று கம்பளிகளைக் கொடுத்தனுப்பினார். திரும்பி வரச் சொல்ல அதுவும் ஒரு வழி. எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது, காற்று இருக்கிறது. உட்கார முடியாதவனை உட்காரச் சொல்லும் இடம்தான் இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குக் காது குத்தினார்கள். அந்தக் கம்பளிகள்மேல் உட்கார்ந்த என் மடியில் மதி இருந்தாள். இடது காதுக்கு மட்டும் அழுதாள். நான் எழுந்திருக்கச் சித்தப்பா மகன் கை கொடுத்தான்.