பதினைந்தாவது போராங்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தமிழ் வகுப்பில் ஸ்பிரிட் விளக்கின் நெடியும், முதல் நாள் யாரோ கழுவாமல் விட்டுப்போன சோதனைக் குழாய்களின் புளித்த வாடையும் அடிக்கும். சிம்பாங் ரெங்கத்தில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் தமிழுக்கென்று தனி அறை கிடையாது. கணிதம், அறிவியல், வரலாறு என்று வாரம் முழுக்க எல்லாம் மலாயில் ஓடி முடிந்தபின், விடுமுறை நாளில் "மக்மால்" எனப்படும் அறிவியல் கூடத்தைத் திறந்துவிடுவார்கள். முதுகு சாய இடமில்லாத உயரமான முக்காலிகளில் உட்கார்ந்து நாங்கள் வலிமிகும் இடங்களை மனப்பாடம் செய்வோம்.

என் பக்கத்து முக்காலி சாந்தியுடையது. லாயாங் லாயாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருபவள். கணிதத் தாளைத் திருப்பித் தரும்போது அதை மடித்துப் பையின் அடியில் ஒளித்துக்கொள்வாள். வாழ்வியல் திறன் வகுப்பில் அவள் அறுத்த பலகை மட்டும் கோணலாக நிற்கும். ஆனால் தமிழ்க் கட்டுரை எழுத உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை தலையை நிமிர்த்தமாட்டாள். "நான் தமிழ்ப்பள்ளி டீச்சராத்தான் ஆவேன்லா" என்பாள், அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்பதுபோல.

இடைநிலைப்பள்ளியின் முதல் வருஷமான முதலாம் படிவத்தின் கடைசி வாரத்தில், குளுவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பாடம் நடத்திய டீச்சர் ஆளுக்கொரு "போராங்", அதாவது விண்ணப்பத் தாள், கொடுத்தார்.

"பதினஞ்சு பேரு இருக்கீங்க. பதினஞ்சு போராங்கும் வந்தாதான் அடுத்த வருஷம் வகுப்பு. ஒன்னு கொறஞ்சாலும் விடமாட்டாங்க. வீட்டுல கையெழுத்து வாங்கி ஆபீஸ்ல போட்டுடுங்க."

லோரி ஓட்டிய என் அப்பா, சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "நான்தான் ஆறாவதோட நின்னுட்டேன். நீயாச்சும் படிம்மா" என்றார்.

மறுநாள் வலைப்பந்துக் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பயிற்சி சனிக்கிழமை காலை. என் வகுப்பின் மலாய், சீனத் தோழிகள் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களோடு நீலச் சீருடையில் நிற்க எனக்கு அவ்வளவு ஆசை. அப்பா கையெழுத்திட்ட தாளைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்திருந்து, கடைசித் தேதி கடந்ததும் கிழித்து, கந்தின் எனப்படும் சிற்றுண்டிச்சாலையின் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன்.

"கொடுத்துட்டியாடி?" என்று சாந்தி கேட்டாள்.

"கொடுத்துட்டேன்டி."

இரண்டாம் படிவத்தின் முதல் சனிக்கிழமை நானும் ஒன்றும் அறியாதவள்போல் போய் நின்றேன். அறிவியல் கூடம் பூட்டியிருந்தது. "பதினாலுதான் வந்துச்சாம். யாருன்னு நான் கேக்கப் போறதில்ல" என்று டீச்சர் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

டீச்சர் கேட்காததைச் சாந்தி கேட்டாள். தன் அம்மாவின் நாசி லெமாக் சோற்றுக் கடையில் உதவி செய்வதற்காக அடிக்கடி வகுப்புக்கு மட்டம் போடும் பிரேமாவைத்தான் அவள் சந்தேகப்பட்டாள். திங்கட்கிழமை, நாங்கள் மூவரும் வரும் பள்ளி பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஒனக்கு வேணாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. வேற யாரையாச்சும் சேத்திருப்போம்."

"நான் போட்டேன் சாந்தி. சத்தியமா போட்டேன்."

யாரும் நம்பவில்லை. பிரேமா ஆபீஸில் போராங்கைப் போட்டதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்; வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றது நான்தான், கையில் வலைப்பந்துத் தாளோடு. பஸ்ஸில் அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஐந்தாம் படிவம் முடியும்வரை ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில்தான் வந்தாள். வகுப்புதான் இல்லையே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நான் வலைப்பந்து ஆடப் போனேன்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வில் தமிழ் இல்லாததால் சாந்தியால் தமிழாசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. தொழிற்சாலைக்குப் போனாள், இப்போது தினமும் விடியுமுன் சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கிறாள். அந்தப் பள்ளியில் இன்று தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. என்ன பதில் வந்தாலும் அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை என்று தோன்றும்.

போன மாதம் பொந்தியானில் ஒரு கல்யாணத்தில் சாந்தியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபின் சொல்லிவிட்டேன்.

"அந்தப் போராங்கக் கொடுக்காதது நான்தான் சாந்தி."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். டீச்சராக முடியாமல் போனதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பிரேமா அவ கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பத்திரிக்கை வெச்சா. நான் போகலையே."

பிறகு கைப்பேசியை எடுத்து, "அவ நம்பர் ஒங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் இல்லை. பிறகு கேட்டுப் பார்த்ததில், அந்தப் பதினைந்து பேரில் வேறு யாரிடமும் இல்லை.