பெட்டிக்குத் தெரியாமல் நடந்தவர்

ராசிபுரத்தில் ஒயர்மேன் கண்ணுசாமியைத் தெரியாத தெரு கிடையாது. ஃபியூஸ் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாரைப் பற்றியும் ஒரு பொல்லாப்புப் பேசமாட்டார், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவர் மனைவி கண்ணாத்தாளின் தங்கை புருஷன் சண்முகவேல்.

சகலை என்றால் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும். கண்ணுசாமிக்கு அது கொஞ்சத்தில் நிற்கவில்லை. மாமியார் வீட்டுக்கு மூத்த மருமகன் அவர். ஆனால் சண்முகவேல் கோயமுத்தூரில் அலாரம் மாட்டுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டரில் வந்து இறங்க ஆரம்பித்ததிலிருந்து முதல் இலை அவனுக்கு விழுந்தது. கோழிக் குழம்பில் ஈரல் அவன் இலைக்கே போனது. கண்ணுசாமிக்கு ஈரல் பிடிக்காது. அதற்காக அடுத்தவன் இலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அர்த்தநாரியின் கிடங்கு. பட்டு நூலும் ஜரிகையும் விற்கிற பெரிய வியாபாரி அர்த்தநாரி. கூடப்பிறந்த தம்பியைக்கூடக் கிடங்குக்குள் தனியாக விடமாட்டார். கண்ணுசாமி மட்டும் பதினைந்து வருஷமாக யாரையும் கேட்காமல் உள்ளே போவார், வேலையை முடிப்பார், வருவார். சம்பளமும் ஸ்கூட்டரும் சண்முகவேலுக்கு இருக்கலாம். இந்த நம்பிக்கை அவனுக்கு எந்த ஊரில் கிடைக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ஜரிகை திருட்டுப் போனது. பயந்துபோன அர்த்தநாரி கோயமுத்தூருக்கு எழுதி அலாரத்துக்கு ஏற்பாடு செய்தார். மாட்டுவதற்கு வந்து இறங்கியது வேறு யாருமில்லை, சண்முகவேல்தான்.

"ஏப்பா கண்ணுசாமி, உன்ற சகலைதானாமே! தம்பிக்கு என்ன வேணும்னு பாத்துக் குடு" என்றார் அர்த்தநாரி.

பதினைந்து வருஷம் தான் ஏறி நின்ற ஏணியை அன்றைக்குக் கண்ணுசாமி கீழே நின்று பிடித்துக்கொண்டார். கதவுக்கும் ஜரிகை பீரோவுக்கும் நடுவில், அதே சுவரில், உயரமாக ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினான் சண்முகவேல். சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிது. எதிரே இருந்த ஜன்னல் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது.

"ஆளோட உடம்புச் சூடு நகர்ந்துச்சுன்னா இது கண்டுபுடிச்சிருமுங்க" என்று முதலாளிக்கு விளக்கினான். "இந்தச் சிவப்பு லைட்டு எரியும், அப்பறம் சைரன் கத்தும். இப்ப சைரனைக் கழட்டி வெச்சிருக்கறன். நடந்து பாருங்க."

அர்த்தநாரி குறுக்கே நடந்தார். லைட்டு எரிந்தது. திரும்பி நடந்தார், மறுபடி எரிந்தது. திருவிழா ராட்டினத்தைக் கண்ட பிள்ளை மாதிரி நாலைந்து தடவை நடந்துவிட்டு, சண்முகவேலின் தோளில் தட்டி, "கெட்டிக்காரந்தானப்பா!" என்றார். அந்தக் கை கண்ணுசாமியின் தோளில் தட்டி எத்தனை நாளாகிவிட்டது!

அதற்குப் பிறகு கண்ணுசாமி அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கேயாவது ஒரு குறை இருக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இருந்தது. சண்முகவேல் பெட்டிக்கு நேர் கீழே வந்து குனிந்து ஸ்குரூ பொறுக்கும்போது லைட்டு எரியவில்லை. இன்னொன்றும் கவனித்தார். தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏற ஏற, காலையில் சட்டென்று எரிந்த லைட்டு உச்சிப் பொழுதில் யோசித்து யோசித்து எரிந்தது. காற்றும் சுவரும் உடம்பு மாதிரியே கொதிக்கும்போது பெட்டிக்கு ஆள் எது, சுவர் எது என்று எப்படித் தெரியும்? அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே வேலை முடிந்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கப் போகிற சமயத்தில் சண்முகவேல் சிரித்துக்கொண்டே, "அண்ணா, நீங்களும் ஒருக்கா திருடனாட்ட நடந்து பாருங்க" என்றான்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். கண்ணுசாமி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றினார். கதவோரம் சுவரில் முதுகை ஒட்டினார். ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்தார். வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் ஆனது. பெட்டிக்குக் கீழே கடந்து, பீரோவைத் திறந்து, ஒரு ஜரிகைக் கட்டைக் கையில் எடுத்துத் திரும்பிப் பார்த்தார். லைட்டு எரியவே இல்லை.

"என்னங்க மொதலாளி, எரியலீங்களே?"

சண்முகவேலின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்ததும் கண்ணுசாமிக்கு உண்டான சந்தோஷம் அவர் கல்யாணத்தன்றுகூட உண்டானதில்லை. அந்தச் சந்தோஷத்தோடு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி பெட்டியைப் பார்க்கவில்லை. கண்ணுசாமியின் கையில் இருந்த ஜரிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் போனா எரியாதுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"காலைல இருந்து பாத்துட்டே இருந்தனுங்க."

"எதுக்குப் பாத்த?"

சகலை மேல் இருந்த எரிச்சலில் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது, அதுவும் சகலையை வைத்துக்கொண்டே? உண்மை அது ஒன்றுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "சும்மாதானுங்க" என்றார். தப்புச் செய்தவன் சொல்கிற பதில் மாதிரியே அது அவர் காதுக்கே கேட்டது. ஜரிகையைப் பீரோவில் திரும்ப வைத்துவிட்டு மூடினார்.

சண்முகவேல் கோபப்படவில்லை, அதுவே ஒரு கொடுமை. "நல்லவேளை சொன்னீங்கண்ணா" என்று பெட்டியை மூலைக்கு மாற்றினான். எதிர்ச் சுவருக்கு இன்னொன்றை வரவழைத்து மாட்டினான். அதன் பிறகு கண்ணுசாமி எப்படி நடந்தாலும் லைட்டு எரிந்தது.

பத்து நாள் கழித்துக் கிடங்கில் ஃபேன் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. கண்ணுசாமி வழக்கம்போல நேராக உள்ளே போனார். கணக்குப்பிள்ளை சின்னுசாமி ஓடிவந்து கதவை மறித்துக்கொண்டார்.

"மொதலாளி இருக்கறப்பத்தான் உள்ள உடணும்னு சொல்லியிருக்காருங்க. செத்த உக்காருங்க."

வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற தறிக்காரர்களெல்லாம் "என்னங்க, வெளிய உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அர்த்தநாரி வந்து அவரைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"மனசுல வெச்சுக்காதப்பா. அன்னைக்கு நீ நடந்த நடை எனக்குத் தூக்கத்தையே கெடுத்துருச்சு. அப்பறம் உன்ற சகலையவே கூப்புட்டுக் கேட்டன். 'எங்கண்ணன் தங்கமானவருங்க, அவருக்கு நான் பொறுப்பு'ன்னுட்டாரு. அவரே சொன்னப்பறம் எனக்கென்ன? உள்ள போ."

திருடன் என்று சொல்லியிருந்தால்கூட கண்ணுசாமி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். பதினைந்து வருஷம் தன் முகத்துக்காகத் திறந்த கதவு இன்றைக்குச் சண்முகவேல் சொல்லித் திறந்தது. உள்ளே ஃபேன் நின்றிருந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு போனார். சின்னுசாமி கூடவே வந்து, வேலை முடிகிறவரை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.